அனைவருக்கும் ஒரு பதில்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய டிபன் பாக்ஸ் மூடி காணாமல் போயிற்று. அதைப் பற்றி அவர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்ப, 'நான் எடுக்கவில்லை' என்று 140 பேரும் 'அனைவருக்கும் பதில்' பொத்தானை அழுத்திவிட்டார்கள். மறுநாள் மூடி அவருடைய பையிலேயே கிடைத்தது. அதற்கும் வாழ்த்துகள் வந்து குவிந்தன. இதை நிறுத்த வழி உண்டா?
– காப்பீட்டு அலுவலக ஊழியர், மதுரை

பதில்: உண்டு. அறிவிப்பை அனுப்புகிறவர் அத்தனை பேருடைய முகவரியையும் 'மறைநகல்' (ஆங்கிலத்தில் 'பிசிசி') என்ற கட்டத்தில் இட்டுவிட்டால், அவர்களில் யார் 'அனைவருக்கும் பதில்' கொடுத்தாலும் அது அனுப்பியவருக்கு மட்டுமே போய்ச் சேரும். 140 மறுப்புகளையும் மூடியைத் தொலைத்தவர் ஒருவரே படித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் வேலையைப் பார்க்கலாம்.

மின்னஞ்சலில் நாம் 'சிசி' என்று சொல்லும் இரண்டு எழுத்தும் கார்பன் நகலைக் குறிப்பவை. அந்தக் காலத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் தட்டச்சராக இருந்த அம்மையார், வெள்ளைத்தாள், கார்பன் தாள், மெல்லிய தாள் என்று மாற்றி மாற்றி அடுக்கி, அந்த அடுக்கின் விளிம்பை மேசையில் இரண்டு தட்டுத் தட்டிச் சீராக்கிய பிறகே உருளையில் செருகுவார். நான்காவது நகல் மங்கத் தொடங்கும். ஐந்தாவதை வெளிச்சத்தில் பிடித்துத்தான் படிக்க வேண்டும். ஓர் எழுத்து பிழையாகிவிட்டால் ஒவ்வொரு நகலிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும். ஆகவே 'யார் யாருக்கு நகல்?' என்று அவர் கேட்டால் அதிகாரியே சற்று யோசித்து, இரண்டு பெயரைக் குறைத்துக்கொள்வார். அந்தச் சற்றுநேர யோசனை இப்போது இல்லாமல் போய்விட்டது. மூடி தொலைந்த செய்தி 140 பேரைச் சேர்வதற்கு இன்று யாருடைய விரலும் வலிப்பதில்லை.

இது உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் வந்த தொல்லை அன்று. 1997இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில், ஆயிரக்கணக்கான ஊழியர்கள் அடங்கிய ஓர் அஞ்சல் பட்டியலில் தம் பெயர் இருப்பதைக் கண்ட ஒருவர், 'என்னை இதிலிருந்து நீக்குங்கள்' என்று பட்டியல் முழுவதற்கும் எழுதிவிட்டார். 'என்னையும்', 'என்னையும்' என்று மற்றவர்கள் தொடர, 'எல்லோருக்கும் பதில் எழுதாதீர்கள்' என்று அறிவுரை சொன்னவர்களும் எல்லோருக்குமே எழுத, அந்நிறுவனத்தின் அஞ்சல் அமைப்பே திணறிப்போயிற்று. மின்னஞ்சல் மென்பொருளைத் தயாரிப்பவர்களுக்கே அது நேர்ந்தது என்னும்போது, மூடியைக் காணாமல் தவித்த உங்கள் தோழரைக் கடிந்துகொள்ளாதீர்கள். மறைநகல் கட்டம் எங்கே இருக்கிறது என்பதை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுங்கள்.

கேள்வி: மாம்பலத்தில் ரயில் வரும் சத்தம் கேட்டதும் நடைமேடையில் நின்றபடி கைப்பேசியில் டிக்கெட் எடுக்கப் பார்த்தால், நிலையத்தை விட்டுத் தள்ளிப் போகச் சொல்கிறது. ரயிலில் ஏற டிக்கெட் கேட்பவனை ரயிலை விட்டு விலகிப் போகச் சொல்வது என்ன நியாயம்?
– தினசரிப் பயணி, சென்னை

பதில்: அதற்குக் காரணம் டிக்கெட் பரிசோதகர். வண்டிக்குள்ளேயே டிக்கெட் எடுக்க முடியும் என்றால், பரிசோதகர் பெட்டியில் ஏறிய பிறகுதான் பலருடைய கைப்பேசி சட்டைப் பையிலிருந்து வெளியே வரும். எனவே, கைப்பேசி இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே அறிந்து, தண்டவாளத்தை ஒட்டி நிற்பவருக்குத் தாளில்லாச் சீட்டைத் தராதபடி செயலியை அமைத்திருக்கிறார்கள். பழைய அட்டை டிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். கம்பிக்குப் பின்னால் இருப்பவர் அந்தத் தடித்த சிறு அட்டையை இயந்திரத்தில் 'டக்'கென்று அழுத்தித் தேதி பதித்துக் கொடுத்த பிறகுதான் நாம் நடைமேடைக்குப் போனோம். முதலில் கவுன்ட்டர், பிறகு நடைமேடை என்ற அதே வரிசையைத்தான் செயலியும் காக்கிறது.

நிலையத்துக்குள் வந்துவிட்டவர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டைச் செயலியால் படித்தால் அங்கேயே டிக்கெட் கிடைக்கும். நாள்தோறும் போகிறவர் என்பதால் சீசன் டிக்கெட் எடுத்துவிடுவது உங்களுக்கு இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: தள்ளிப் போகச் சொல்கிறதே என்று கைப்பேசியைப் பார்த்தபடி தண்டவாளத்தின் பக்கம் இறங்கிவிடாதீர்கள். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் கடற்கரை – தாம்பரம் தடம் அது. ஒன்றை விட்டால் அடுத்தது வரும்.

கேள்வி: என் தந்தை 34 ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓர் இணையதளத்தில் நுழைய, 'நான் ரோபோ அல்ல' என்று நிரூபிப்பதற்காக, சிக்னல் விளக்கு உள்ள படங்களைத் தொடச் சொல்கிறது. மூன்று முறையும் தவறு என்று திருப்பி அனுப்பிவிட்டது. 'எனக்கா சிக்னல் தெரியாது?' என்று அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அப்பாவிடம் பிழை ஏதும் இல்லை என்று முதலில் சொல்லுங்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவை அமெரிக்கத் தெருக்களைப் போல இருப்பவை. அங்கே விளக்குகள் சாலைக்குக் குறுக்கே கம்பியில் தொங்கும். சில நேரம் நமக்கு அதன் முதுகுதான் தெரியும். நம் ஊர்ச் சந்திப்பில் கம்பத்தைப் பார்த்தே வண்டியை மெதுவாக்கிப் பழகியவர், கம்பம் உள்ள கட்டத்தையும் தொட்டிருப்பார். ஓட்டுநராக அது சரியான பழக்கம். ஆனால், அந்தச் சோதனைக்கு விளக்குப் பெட்டி மட்டும் போதும்; கம்பத்தை விட்டுவிடலாம். படம் குழப்பமாக இருந்தால் கீழே வளைந்த அம்புக்குறி இருக்கும். அதைத் தொட்டால் வேறு படம் வரும்.

இந்தச் சோதனையின் பழைய வடிவத்தை அவரிடம் சொன்னால் மனம் சமாதானமாகும் என்று நினைக்கிறேன். 2007இல் லூயிஸ் வான் ஆன் என்ற கணினி அறிஞரும் அவருடைய குழுவினரும் கொண்டுவந்த முறையில், நெளிந்த இரண்டு சொற்களைக் காட்டித் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். ஒன்று விடை தெரிந்த சொல். மற்றொன்று, பழைய அச்சுப் பக்கங்களில் கணினியால் படிக்க முடியாமல் நின்றுபோன சொல். அப்படி, தாம் செய்வது இன்னதென்று அறியாமலேயே, மக்கள் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் பழைய இதழ்களை மின்வடிவாக்க உதவினார்கள். 2009இல் அதை கூகுள் வாங்கியது. மனிதக் கண்ணால் மட்டுமே படிக்க முடிந்ததை மனிதர்களிடம் கேட்டு வாங்கிய முறை அது. ஆகையால், அந்தக் கேள்வி வந்தால் அப்பா தம்மைக் குறைவாக எண்ண வேண்டியதே இல்லை.

கேள்வி: அலுவலகக் குழுவில் குரல்வழித் தட்டச்சில் 'சார், நாளைக்கு லீவு வேண்டும்' என்றேன். பக்கத்தில் என் மனைவி கடைக்குச் சொல்லிக்கொண்டிருந்த 'தக்காளி அரைக் கிலோ'வும் அதோடு சேர்ந்து போய்விட்டது. மேலாளர் 'அரைக் கிலோ லீவு அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிவிட்டார். பேசுவதை விட்டுத் தட்டச்சுக்கே திரும்பலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: திரும்புங்கள், திரும்பும்போது 'தமிழ் 99' விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற முறை அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும். ஒரே எழுத்தை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். த, க, க, ஆ, ள, இ என்று ஆறு விசைகளைத் தட்டினால் 'தக்காளி' வந்துவிடும். 'லீவு' என்பதற்கு நான்கே விசைகள் போதும்.