ஏழு ஓட்டைகள்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனுக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. போன மாதம் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினேன். வெஸ்டர்லி சென்டார், 26 அடி, 1974இல் கட்டியது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவியோடு அதிலேயே குடியிருக்கப்போகிறேன். வரும் கோடையில் பிரான்ஸின் பிரிட்டனி கரை, அப்புறம் ஸ்பெயின், போர்ச்சுகல். வாங்கவேண்டிய சாமான்களின் பட்டியலையும் படகின் ஒன்பது படங்களையும் இணைத்திருக்கிறேன். என் கேள்வி: லித்தியம் பாட்டரி போடுவதா, ஈய பாட்டரியே போதுமா? ஊரில் எல்லோரும் இது பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?

ச., ஃபால்மத்

அன்புள்ள ச.,

ஊரில் சொல்வதை விடுங்கள். முப்பது வருஷத் தவணையில் அடுக்குமாடி வீடு வாங்கியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரம் தூத்துக்குடியில் இருந்தேன். பெரியப்பாவின் வீட்டை விற்கிறார்கள். பரணிலிருந்து இறக்கிய சாமான்களில் ஒரு கலப்பத்து உளி கிடந்தது. பலகை இடுக்கில் பஞ்சைத் திணிக்கிற மழுங்கல் உளி. பெரியப்பா கொழும்புக்குப் போகும் தோணியில் தண்டல், தோணியை நடத்துகிறவர். உளி தோணி கட்டும் ஓடாவி யாரிடமிருந்தாவது வந்திருக்கவேண்டும். அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் பட்டியலைத் திறந்தேன்.

43 சாமான்கள். கல்யாணச் சீர்வரிசை தோற்றது போங்கள். ராடார், கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம், 400 வாட் சோலார், டேபிள்டாப் கிரைண்டர். 26 அடிப் படகில் கிரைண்டர்! மனைவி கேட்டாரா, நீங்களாகவே எழுதினீர்களா? இத்தனைக்கும் நடுவில் ஒரு மரத் தக்கை இல்லை. ஒரு வால்வு இல்லை.

பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் பத்துப் பன்னிரண்டு வருஷம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். இதை இன்சூரன்ஸ்காரனே சொல்லிவிடுவான். சென்டாரின் அடியில் இரண்டு கால்போல நீட்டிக்கொண்டிருக்கும் கீல்கள் (keel) உடலோடு சேருமிடம் பலவீனமானது, அதைத் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதையெல்லாம் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் படகில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே எத்தனை ஓட்டை?

சிரிக்காதீர்கள். கக்கூஸுக்குக் கடல்நீர் உள்ளே வர ஒன்று, கழிவு வெளியே போக ஒன்று, என்ஜினைக் குளிர்விக்க ஒன்று, பாத்திரத் தொட்டிக்கு ஒன்று, மேல்தளத் தண்ணீர் வடிய இரண்டு, ஆழமானிக்கு ஒன்று. உத்தேசமாக ஏழு என்கிறேன், எண்ணவேண்டியது நீங்கள். இவற்றில் கழிவு ஓட்டை ஒன்றரை அங்குலம் இருக்கும். ஒன்றரை அடி ஆழத்தில் அது திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். பத்துக் குடம். தண்ணீரை வெளியேற்றும் பம்பின் பெட்டியில் போட்டிருக்கும் கணக்கை நம்பாதீர்கள். குழாய் வழியாகத் தண்ணீரை மேலே தூக்கும்போது அது பாதியாகலாம்.

அந்தத் தண்ணீரைத் தடுத்து நிற்பது ஒரு சின்ன வால்வு. அது வெண்கலமா பித்தளையா என்பதுதான் விஷயம். புளியில் ஊறவைத்து மறந்துபோன பித்தளைச் செம்பைப் பார்த்திருப்பீர்கள், மஞ்சள் போய் செக்கச்செவேலென்று நிற்கும். கடல் அதே வேலையை மெதுவாகச் செய்கிறது. பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தை உறிஞ்சிவிட்டுச் செம்பை மட்டும் பஞ்சுபோல விட்டுவைக்கிறது. உருவம் அப்படியே இருக்கும், கைப்பிடியும் திரும்பும். ஒரு நண்பரின் படகைக் கரையேற்றி வைத்திருந்தபோது அவர் வால்வை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் லேசாகத் தட்டினார். ரஸ்க் மாதிரி உடைந்து கையில் வந்தது. உள்ளே இளஞ்சிவப்பு. முந்தின வாரம்வரை அந்தப் படகில் குழந்தைகள் தூங்கியிருந்தார்கள்.

உங்கள் படகில் பழைய கூம்பு வடிவ வெண்கல வால்வுகள் இன்னும் இருந்தால் கும்பிட்டுக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவினால் போதும், உங்களைவிட நாள் தாங்கும். ஆனால் ஐம்பது வருஷத்தில் எத்தனை கை மாறியிருக்கும்? யாராவது ஒரு புண்ணியவான் வீட்டுக்குழாய்க் கடையில் வாங்கி மாட்டியிருப்பான்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது பெரியப்பா என்னைத் தோணியின் அடியில் இறக்கிவிடுவார். பெரியவர்கள் நுழையமுடியாத இடுக்கு. கையில் விளக்கு. "தண்ணி நிக்குது பெரியப்பா" என்று கத்தினேன். மேலேயிருந்து குரல் வந்தது: "ஏல, நாக்குல வச்சுப் பாத்தியால?" பார்க்கவில்லை. ஏறி வந்ததும் முதுகில் ஒன்று வைத்தார். நல்லதண்ணி என்றால் மழையோ குடிதண்ணீர்ப் பீப்பாயோ, உப்பு என்றால் கடல் உள்ளே வருகிறது. அதைச் சொல்லாமல் தண்ணி நிக்குது என்று சொல்ல நீ எதுக்கு என்றார். இறங்கி நக்கிப் பார்த்தேன். உப்பு. கூடவே கருவாட்டு நாற்றம். இன்றைக்கும் அந்த ருசி போகவில்லை.

நீங்கள் இருக்கும் அதே ஃபால்மத்திலிருந்துதான் 1968 ஜூனில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் கிளம்பினார், தனியாளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிவரும் படகுப் போட்டிக்கு. சுஹைலி 32 அடி, மும்பையில் தேக்கில் கட்டிய படகு. சில வாரங்களிலேயே அடியில் ஒழுகத் தொடங்கியது. நடுக்கடலில் குதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பஞ்சு அடித்தார், மேலே கித்தான் பட்டை வைத்துச் செப்பு ஆணி அறைந்தார். சுறா வந்தது. ஏறிச் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார். பிற்பாடு ரேடியோ செத்தது, தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவியும் உடைந்தது. 312 நாளில் ஃபால்மத்துக்கே திரும்பினார். கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவர்தான். ரேடியோ இல்லாமல் வந்துவிட்டார், பஞ்சு இல்லாமல் வந்திருப்பாரா?

பாட்டரி கேட்டீர்கள் இல்லையா? ஈயமே போதும், மிச்சக் காசுக்கு வெண்கலம் வாங்குங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் அந்த ஓட்டையின் அளவுக்கு ஒரு மரத் தக்கையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

அப்புறம், உங்கள் நான்காவது படம். பாத்திரத் தொட்டிக்குக் கீழே அலமாரி திறந்திருக்கிறது, முன்னால் சோப்பு டப்பா. அதற்குப் பின்னால் இடது மூலையில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்திருக்கிறது. டார்ச் வெளிச்சமாகவும் இருக்கலாம். படகு மிதக்கும்போது தயவுசெய்து தட்டிப் பார்த்துவிடாதீர்கள். இரட்டைக் கீல் படகு உங்களுடையது, நிமிர்ந்தே உட்காரும். நல்ல மணல் தரையாகப் பார்த்து நிறுத்தி, வற்றம் வந்து சுற்றிலும் தண்ணீர் வடிந்த பிறகு உள்ளே போய், சுரண்டுங்கள்.

என்ன நிறம் என்று எனக்கு எழுதுங்கள்.