எஞ்சின் லைட் எரிகிறது, அடுத்த கிழமை புகைப் பரிசோதனை. பற்றரி வயரைக் கழற்றி மாட்டி லைட்டை அணைத்துவிட்டுப் போகலாமா?

போகலாம். நான் போனேன். ஃபெயிலாகித் திரும்பி வந்தேன்.

நீங்கள் கேட்ட விதத்திலேயே விளங்குகிறது. வாகன லைசன் முடியக் கொஞ்ச நாள்தான் இருக்கும். புகைச் சான்றிதழும் இன்சூரன்சும் இல்லாமல் டி.எஸ். ஒஃபிஸில் (பிரதேச செயலகத்தில்) லைசன் புதுப்பிக்க ஏலாது. "வயரைக் கழற்றி மாட்டினா லைட் போயிரும், மறுகா சூட்டோட ஓடிப்போய் டெஸ்டை எடுங்க" என்று கராஜில் யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

நான் மெக்கானிக் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், வீடு கல்லடி. ஒவ்வொரு நாளும் காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்வருகிறது என்னுடைய 660 சிசி ஜப்பான் கார். "பொம்பிளையள் கார் பற்றிச் சொல்ல வந்திட்டாங்க" என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசித்துவிட்டு எழுதுங்கள்.

லைட் எரிவதற்கு முதலே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டா வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தானே. அந்தக் காலத்தில் கொப்பியில் லீற்றரும் கிலோமீற்றரும் எழுதத் தொடங்கினேன், இன்னும் விடவில்லை. லீற்றருக்குப் பதினேழு ஓடிய கார் பதினான்குக்கு இறங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் படம்.

கராஜுக்குப் போனேன். துணைக்கு வந்த என் மனிசன் இடது சீற்றில் இருந்தார். கராஜ்காரர் நேரே அந்தப் பக்கம் போய்க் குனிந்து, "என்ன பிரச்சின அண்ணன்?" என்று கேட்டார். அண்ணனுக்குக் கார் ஓடத் தெரியாது! அவருக்கு மோட்டார் சைக்கிள் மட்டும்தான். நான் கொப்பியை நீட்டினேன், அதையும் வாங்கி என் மனிசனிடமே கொடுத்தார். இது இந்த ஒரு கராஜ் கதை இல்லை. டயர்க் கடையில், பெற்றோல் செட்டில், இன்சூரன்ஸ் ஆளிடம், எல்லா இடத்திலும் இதே பாடுதான். காசு கொடுக்கிற நேரம் மட்டும் "டீச்சர்" என்று என் பக்கம் திரும்புவார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். காரின் கம்பியூட்டர் பதிந்து வைத்திருக்கிற பிழைக் கோட்டை வாசிக்கிற ஸ்கானரைக் கராஜ்காரர் போட்டுப் பார்க்கவே இல்லை. "கன்வேட்டர் அடைச்சிருக்கும், உள்ளுக்கு இருக்கிறதத் தட்டி எடுத்துட்டா கார் பறக்கும்" என்றார். மாட்டேன் என்றேன். சைலன்சர் வழியில் இருக்கிற அந்தக் கன்வேட்டருக்குள், தேன்கூடு மாதிரியான பாகத்தில் பூசியிருக்கிற பிளாட்டினம், பலேடியம், ரோடியத்துக்கு என்ன விலை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கார்பன் மொனொக்சைட்டை எரித்துக் கார்பன் டைஒக்சைட் ஆக்குகிற சாமானே அதுதான். அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புகைப் பரிசோதனைக்குப் போவது, விடைத்தாளைக் கிழித்துவிட்டுப் பரீட்சை மண்டபத்துக்குப் போகிற மாதிரி. அப்போதுதான் பற்றரி வயர் யோசனை வந்தது. அதற்குத் தலையாட்டினேன், அது என்னுடைய பிழை.

அடுத்த நாள் டெஸ்டுக்குப் போனேன். லைட் இல்லை. வரிசையில் முக்கால் மணித்தியாலம், வெயில், ஏசி போட எஞ்சின் ஓடியபடி. சைலன்சர் குழாய்க்குள் கம்பியை விட்டு ஒருமுறை சும்மா ஓடவிட்டும், ஒருமுறை அக்சிலேட்டரைக் கூட்டியும் பார்த்தார்கள். சும்மா ஓடுகையில் கார்பன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகார்பனும் அளவுக்கு மேல்.

அன்றிரவு ரொறன்ரோவில் இருக்கிற தம்பி, "அக்கா, லைட் எரிஞ்சாலே ஃபெயில்தான், பற்றரி கழற்றினாலும் பிடிச்சிருவாங்க" என்றான். பொய் இல்லை, ஆனால் அது அவனுடைய ஊர்க் கதை. ஒன்ராறியோவில் 2013 இலிருந்து காரின் கம்பியூட்டரிலேயே கொழுவிப் பார்த்தார்கள். லைட் எரிந்தால் ஃபெயில். பற்றரி கழற்றினால் கார் தன்னைத் தானே சோதித்து முடிக்கவில்லை என்று அதில் காட்டும், ஓடிவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். 2019 ஏப்ரலில் சின்னக் கார்களுக்கு அதையும் நிறுத்திவிட்டார்கள். நான் போன இடத்தில் கம்பியூட்டரில் ஒன்றும் கொழுவவில்லை, குழாயால் வருகிறதைத்தான் அளந்தார்கள். அதனால் லைட் எரிந்தபடியே பாஸ் ஆகலாம், லைட் அணைந்தபடியே ஃபெயிலும் ஆகலாம். பெற்றோல் தாங்கி மூடி சரியாக இறுகாவிட்டாலும் சில கார்களில் இதே லைட்தான் எரியும், அதற்கும் குழாய்ப் புகைக்கும் தொடர்பில்லை.

இரண்டு நாளில் மண்முனைப் பாலத்தில் வைத்து லைட் திரும்ப எரிந்தது. களுவாஞ்சிகுடியில் ஒரு பொடியன் ஸ்கானர் வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். கோட் பி0135. கன்வேட்டருக்கு முன்னால், புகையில் இருக்கிற ஒட்சிசனை அளந்து கம்பியூட்டருக்குச் சொல்கிற ஒட்சிசன் சென்சருக்குள் ஒரு சின்ன ஹீற்றர் உண்டு, அதற்குக் கரண்ட் போகவில்லை. றோட்டில் ஓடும்போது புகைச் சூட்டிலேயே சென்சர் வேலை செய்யும். வரிசையில் சும்மா நிற்கும்போது அது ஆறிவிடும், கம்பியூட்டர் குருட்டுக் கணக்கில் பெற்றோலைக் கூட விடும். கொப்பியில் இருந்த பதினான்கும் டெஸ்டில் விழுந்த ஃபெயிலும் ஒரே வியாதி. பொனட்டைத் திறந்து லைட் அடித்துப் பார்த்தான். வயரை எலி கடித்திருக்கிறது! எங்கள் வளவு மாமரத்தடியில் கார், பக்கத்தில் நெல் மூட்டை, வேறென்ன நடக்கும். வயரை ஈயம் பற்றவைத்து ஒட்டி 2500 ரூபாய் வாங்கினான். என்னோடுதான் கதைத்தான் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நாலு நாள் ஓடினேன், லைட் வரவில்லை. பிறகு டெஸ்டுக்கு வீட்டிலிருந்து நேரே போகாமல் களுவாஞ்சிகுடி வரை ஓடித் திரும்பி, கார் சூடாக இருக்கும்போதே போனேன். கன்வேட்டரும் 300 பாகைக்குக் கிட்டச் சூடானால்தான் வேலை தொடங்கும். பாஸ்.

ஆகவே நீங்கள் முதலில் ஸ்கானரில் கோட் எண்ணை வாசிப்பித்து எழுதி வையுங்கள், அதற்குப் பிறகு எதையும் கழற்றலாம். பற்றரியைக் கழற்றினால் அந்தத் தடயமும் அழிந்துவிடும். உங்கள் லைட் மஞ்சளாக நின்று எரிந்தால் மெதுவாக ஓடிப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் எரியாத பெற்றோல் கன்வேட்டருக்குள் போய் அதைச் சுட்டுத் தின்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு ஓடவே வேண்டாம். எண்ணெய்ச் சிவப்பு லைட் என்றால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிப்பாட்டுங்கள். டீசல் வாகனம் என்றால் கரும்புகையின் அடர்த்தியைத்தான் பார்ப்பார்கள், அது எனக்குப் பழக்கமில்லாத விசயம்.

எலிக்கு யாருக்காவது நல்ல வழி தெரிந்தால் எழுதுங்கள். பாச்சை உருண்டை போட்டுப் பார்த்தேன், அந்த மணத்தில் எனக்குத்தான் தலையிடி.