குரல் கொடுத்தவரின் பெயர் எங்கே?

கேள்வி: ‘மை ஃபேர் லேடி’ படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் வாயசைத்தார், பாடியது வேறொருவர் என்று இப்போதுதான் தெரிந்தது. இது ஏமாற்று வேலை இல்லையா? மேடையில் சொந்தக் குரலில் பாடிய ஜூலி ஆண்ட்ரூஸுக்கே அந்த வேடத்தைக் கொடுத்திருக்கலாமே!
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: கொடுத்திருக்கலாம். 1956-ல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் கதாநாயகி எலைசாவாகப் பாடி அசத்தியவர் ஜூலி. சினிமாவில் பிரபலமான முகம்தான் வேண்டும் என்று அவரை ஒதுக்கியவர் தயாரிப்பாளர் ஜாக் வார்னர். அந்தக் கோபத்தை ஆட்ரி மேல் ஏன் காட்டுகிறீர்கள்?

அவர் பாடாமல் தப்பிக்கப் பார்க்கவில்லை. பயிற்சி எடுத்தார், பாடல்களைப் பதிவும் செய்தார். பெரும்பாலும் வேறு குரல்தான் வரப்போகிறது என்று பிறகு சொன்னபோது படப்பிடிப்புத் தளத்தை விட்டே போய்விட்டார். மறுநாள் வந்து மன்னிப்பும் கேட்டார்.

அவருக்குப் பாட வராது என்றும் சொல்லிவிட முடியாது. 1961-ல் ‘மூன் ரிவர்’ பாட்டை அவர் குரல் எட்டும் அளவு பார்த்து மெட்டமைத்தார் ஹென்றி மான்சினி. ஆட்ரியே பாடினார், இன்றும் நெஞ்சை உருக்குகிறது. ‘மை ஃபேர் லேடி’க்கு இசையமைத்த ஃபிரெடரிக் லோவின் மெட்டுகள் அப்படிப்பட்டவை அல்ல. ‘ஐ குட் ஹேவ் டான்ஸ்ட் ஆல் நைட்’ பாட்டு முடிவில் ஏறும் உயரத்துக்குத் தேர்ந்த சோப்ரானோ, அதாவது பெண் குரல்களிலேயே மிக உச்சத்தில் பாடும் குரல் வேண்டும். அதே படத்தில் ரெக்ஸ் ஹாரிசனுக்கு என்ன நடந்தது? அவர் பாடகரே இல்லை. அதனால் அவர் நடித்த பேராசிரியர் ஹிக்கின்ஸின் பாடல்களைப் பாதி பேச்சாகச் சொல்லும்படியே எழுதிக் கொடுத்தார்கள். வாயசைக்க மாட்டேன் என்று அவர் அடம்பிடிக்க, கழுத்து டைக்குள் வயர்லெஸ் மைக் வைத்து நடிக்கும்போதே பதிவு செய்தார்கள். சிறந்த நடிகருக்கான ஆஸ்கரும் வாங்கினார். ஆட்ரிக்கு நாமினேஷன்கூட இல்லை.

இரவல் குரல் குற்றம் என்றால், டி.எம்.எஸ். குரலில் எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் கொண்டாடிய நாம் எல்லோரும் குற்றவாளிகள்தான். ஆனால் நம் படங்களில் பின்னணி பாடியவரின் பெயர் டைட்டிலில் வந்தது. அங்கே ஆட்ரிக்காகப் பாடிய மார்னி நிக்ஸனின் பெயரைப் போடவே இல்லை. ஏமாற்று வேலை என்றால் அதுதான்! எலைசாவுக்கு மட்டுமல்ல, ‘தி கிங் அண்ட் ஐ’ (1956) படத்தில் டெபோரா கெர்ருக்கும், ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ (1961) படத்தில் நடாலி வுட்டுக்கும் பாடியவர் இவரே. வெளியே சொன்னால் இனி வேலையே கிடைக்காது என்று மிரட்டப்பட்டதாக அவரே பிற்காலத்தில் சொன்னார். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ இசைத்தட்டு விற்பனையில் பங்கு கேட்டபோது, இசையமைப்பாளர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் தன் பங்கிலிருந்து கால் சதவீதம் கொடுத்தார். அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை.

அப்புறம், ஆட்ரி பாடவே இல்லை என்பதும் சரியல்ல. ‘ஜஸ்ட் யூ வெயிட்’ பாட்டைக் கேளுங்கள். தொடக்கத்தில் ஹிக்கின்ஸைத் திட்டித் தீர்ப்பது ஆட்ரி. நடுவில் குரல் மேலே எழும்பும் இடத்தில் மார்னி வருகிறார். கடைசி வரிகள் மறுபடியும் ஆட்ரி.