மஹ்ஃபூஸை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸின் கெய்ரோ முத்தொகுதியில் முதல் நாவலான 'பாலஸ் வாக்'கை இரண்டு முறை எடுத்தும் 100 பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. பெயர்கள் குழப்புகின்றன, கதையும் நகரவில்லை. விட்டுவிடலாமா? அரசு வேலை பார்த்துக்கொண்டே அவர் எப்படி இவ்வளவு எழுதினார்?
- வாசகி, திருச்சி

பதில்: விட வேண்டாம், இப்போதைக்கு மூடி வையுங்கள். முதலில் 'தி தீஃப் அண்ட் தி டாக்ஸ்' (1961). சிறிய நாவல், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். சிறையிலிருந்து வரும் ஸயீத் மஹ்ரானைக் கண்டு பெற்ற மகளே மிரண்டு ஒதுங்குவாள். அப்புறம் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது. அடுத்து 'மிடாக் ஆலி' (1947). ஒரே சந்துதான், ஆனால் ஆள்கூட்டம் அதிகம். பெயர்களுக்குப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

பிறகு முத்தொகுதிக்கு வாருங்கள். ஒரு துண்டுத்தாளில் ஏழு பெயர்களை எழுதிப் புத்தகத்திலேயே செருகிக்கொள்ளுங்கள்: அப்பா அஹ்மத் அப்துல் ஜவாத், அம்மா ஆமினா, அப்பாவின் முதல் மனைவியின் மகன் யாசீன், ஆமினாவின் பிள்ளைகள் கதீஜா, ஃபஹ்மி, ஆயிஷா, கடைக்குட்டி கமால். மற்றவர்கள் வந்து போகட்டும்.

கதை நகராதது வேண்டுமென்றே செய்தது. நடுராத்திரியில் தானாகவே விழித்து, கணவர் படியேற விளக்குப் பிடிப்பவள் ஆமினா. வாசல் தாண்ட அனுமதி இல்லாதவள்; நாமும் அவளோடு அடைபட்டுக் கிடக்கிறோம். அவள் ஒருநாள் ஹுசைன் பள்ளிவாசலுக்குப் போகத் துணியும்போதுதான் அந்த 100 பக்கம் எதற்கு என்று புரியும்.

வசனம் விறைப்பாகத் தெரிந்தால் மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டாதீர்கள். மஹ்ஃபூஸ் உரையாடலையும் கெய்ரோ பேச்சுவழக்கில் எழுதவில்லை. எழுத்து அரபியில்தான் எழுதினார். நம் பழைய நாவல்களில் வண்டிக்காரரும் இலக்கணமாகப் பேசுவாரே, அதுபோல.

வேலை விஷயம்: 1934இல் தத்துவப் பட்டம் பெற்றவர், 1971இல் ஓய்வு பெறும்வரை அரசு ஊழியர்தான். பல ஆண்டுகள் வக்ஃபு அமைச்சகம், பின்னர் கலைத் தணிக்கை. அலுவலகம் முடிந்த பிறகே எழுத்து. கண் ஒவ்வாமையால் கோடையில் அதுவும் கிடையாது. இப்படியே எழுதி முத்தொகுதியை, எகிப்து ராணுவம் மன்னரை அகற்றிய 1952 ஜூலைப் புரட்சிக்கு முன்பே முடித்துவிட்டார். ஒரே நாவலாக இருந்த அந்தக் கட்டின் பருமனைப் பார்த்துப் பதிப்பாளர் பின்வாங்க, மூன்றாகப் பிரிந்து 1956, 57இல்தான் வெளிவந்தது. நோபல் கிடைத்தது 1988இல்.

'பாலஸ் வாக்' சுமார் 500 பக்கம். தினம் 20 பக்கம் என்றால் 25 நாள்.