டீச்சர் பேசுவது புரியவில்லை என்கிறாள்

கேள்வி: என் 5 வயது மகளின் வகுப்புக்குப் புது டீச்சர் வந்திருக்கிறார். அவர் பேச்சு வேறு வட்டாரத்துப் பேச்சு. எனக்குச் சில நிமிடங்களில் பழகிவிட்டது. மகளோ, “டீச்சர் சொல்றது புரியலம்மா” என்று தினமும் அழுகிறாள். கவனக்குறைவா, காதில் கோளாறா?

பதில்: கவனக்குறைவு என்று தயவுசெய்து அவளைத் திட்டிவிடாதீர்கள். அவள் உங்களைவிட அதிகமாகவே பாடுபட்டுக் கேட்கிறாள்.

டீச்சர் “மளை வருது, குடை எடுத்துக்கோ” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குடை என்றதுமே அது மழைதான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். இவர் ‘ழ’வை ‘ள’ என்கிறார் என்பதும் மனதில் பதியும். அப்புறம் ‘பளம்’ என்றாலும் தடுமாற மாட்டீர்கள். தெரிந்த சொல்லை வைத்தே காது புது ஒலியைப் பழகிக்கொள்கிறது என்பதை 2003-ல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. பெரியவர்கள் ஒரு நிமிடத்துக்குள்ளேயே புது உச்சரிப்புக்கு ஈடுகொடுக்கத் தொடங்கிவிடுவதும் உண்டு.

இந்தத் திறமை உங்கள் மகளுக்கும் இருக்கிறது. ஆஸ்திரேலியக் குழந்தைகளிடம் ஜமைக்கா உச்சரிப்பில் பழகிய சொற்களைச் சொல்லிப் பார்த்தார்கள். 15 மாதக் குழந்தைகளுக்கு அடையாளம் தெரியவில்லை. 19 மாதக் குழந்தைகளுக்குத் தெரிந்தது. ஆனால் 5 வயதில் கைவசம் உள்ள சொற்கள் குறைவு, ஊகிக்க இடமும் குறைவு. போதாததற்கு வகுப்பறை இரைச்சல் வேறு. இரைச்சலும் புது உச்சரிப்பும் சேர்ந்தால் பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் அதிகம் திணறுவார்கள்.

அதனால் டீச்சரிடமே பேசுங்கள். அவள் மனப்பாடமாக அறிந்த ஒரு கதையை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து என்ன சொல் வரும் என்று முன்பே தெரிவதால், அவர் அதை எப்படிச் சொல்கிறார் என்பதில் காது நிற்கும். சில நாள் முன்வரிசையில் உட்காரட்டும். வாயசைவு தெரிவது பெரிய உதவி. வீட்டில் டீச்சர் பேசுவதைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். அவர் பேச்சு தப்பு என்று பிள்ளை முடிவுகட்டிவிட்டால் கேட்கவே மாட்டாள்.

காதைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனியுங்கள். பின்னாலிருந்து நீங்கள் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறாளா? உங்கள் பேச்சுக்கே அடிக்கடி “என்ன?” என்கிறாளா, டிவி சத்தத்தைக் கூட்டுகிறாளா, சளி பிடிக்கும்போதெல்லாம் காது அடைக்கிறதா? இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள்.