குஞ்சு மூக்குல ஏது சந்து?

மதிப்பிற்குரிய ஐயா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று தேவகோட்டையில் இருக்கிறேன். இரண்டு வருடமாக வாட்டர்கலரில் பறவைகள் வரைகிறேன், எல்லாம் இணையத்தில் கிடைக்கும் போட்டோக்களைப் பார்த்துத்தான். மீன்கொத்தி ஓரளவு வருகிறது. கொக்கும் நாரையும் மட்டும் வெள்ளைத்தாளை வெட்டி ஒட்டியதுபோல் கிடக்கின்றன. முறையாக ஓவியம் படித்தால்தான் சரியாகுமா? எனக்கு வயது 63.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

படிக்கலாம், வயது ஒரு தடையே இல்லை. ஆனால் அதற்கு முன் ஒரு மார்கழி முழுக்கக் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பாருங்கள்.

நானும் போட்டோ பார்த்து வரைந்தவன்தான். ஒருமுறை கூட்டில் நத்தைகுத்தி நாரையும் அதன் குஞ்சுகளும் இருப்பதுபோல் பெரிய படம் ஒன்று வரைந்தேன். தாய்ப்பறவைக்குப் போட்டோ இருந்தது. குஞ்சுகளுக்கு இல்லை, அதனால் தாயையே சின்னதாக்கிப் போட்டுவிட்டேன். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போனபோது அந்தப் படத்தை ஊர்க்காரர்களிடம் காட்டினேன். ஓர் ஆச்சி உற்றுப் பார்த்துவிட்டு, "குஞ்சு மூக்குல ஏதப்பா சந்து?" என்றார். அவர் சொன்னதே சரி. மேலலகும் கீழலகும் மூடினாலும் நடுவில் தெரியும் அந்த இடைவெளி வளர்ந்த பறவைக்குத்தான். குஞ்சுக்கு அலகு நேராக மூடிக்கொள்ளும். மூன்று வாரம் உழைத்த படம். அன்றிலிருந்து நேரில் பார்க்காத எதையும் நான் வரைவதில்லை.

அந்த ஆச்சிக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அவர் ஊர்ப்பக்கத்து வேட்டங்குடி கண்மாய்களை 1977இல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பறவைகள் மிரளக்கூடாது என்று அங்குள்ள மக்கள் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. ஓவியம் வரைகிற நமக்கு அவர்களைவிடப் பெரிய ஆசிரியர்கள் கிடையாது என்பேன்.

இனி உங்கள் கொக்கு. வெள்ளைப் பறவையில் வெள்ளை மிகக் கொஞ்சம்தான். காலை எட்டு மணிக்குக் கரையில் நிற்கும் கொக்கைப் பாருங்கள்: வெயில் படும் முதுகு மட்டும்தான் தாளின் வெள்ளை, அங்கே வண்ணமே வேண்டாம். நிழல் விழும் பக்கத்தில் வானத்தின் நீலம் இருக்கும். அடிவயிற்றில் நம் செம்மண் கரையின் சிவப்பு ஏறியிருக்கும். ஆழமில்லாத தண்ணீர் என்றால் அதில் பாசியின் பச்சையும் கலந்திருக்கும். நல்ல வெயிலில் எடுத்த போட்டோவில் இதெல்லாம் வெளுத்துப்போய்விடும், அதனால்தான் உங்கள் கொக்கு ஒட்டுத்தாள் ஆகிறது. பின்னணியை முதலில் கொஞ்சம் அழுத்தமாகப் போடுங்கள், கருவேல மரத்தின் கரும்பச்சை போதும். பறவை தானே வெளியே வரும்.

மீன்கொத்தி வருகிறது என்றீர்கள், மகிழ்ச்சி. அதன் நீலம் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால்தான் அந்த நீலம். ஆகவே நீலத்தைக் குழைத்து அப்பாமல் மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் இன்னொன்று என்று போடுங்கள். அடியிலிருக்கும் தாள் ஒளிரட்டும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித்தாளாக இருந்தால் எளிதில் சுருங்காது. விலை அதிகம்தான், பாதியாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்மாய்க்குப் போகும்போது வண்ணப்பெட்டி வேண்டாம். பென்சில், சின்ன நோட்டு, 8 மடங்கு பைனாகுலர் போதும். மடையான் என்கிற குளத்துக்கொக்கு அரை மணி நேரம் அசையாமல் நிற்கும், தொடங்குவதற்கு அதைவிட நல்ல பறவை இல்லை. பறந்துவிட்டால் பாதிக் கோட்டோடு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நிறங்களை ஓரத்தில் எழுதி வைத்தால் வீட்டில் வந்து தீட்டலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். கூடு இருக்கும் மரத்தருகே போகாதீர்கள். தாய் எழுந்து போனால் முட்டை வெயிலில் கிடக்கும், காகம் காத்திருக்கும். எந்தப் படமும் அதற்கு ஈடில்லை.

முதல் பத்துப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், பாதிக் கோடுகளையும் சேர்த்து.