கேரி கோல்மன் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயது. 'டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்' என்ற பழைய அமெரிக்க சிட்காமின் (நகைச்சுவைத் தொடரின்) துண்டுகளை யூடியூபில் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரிக்கிறான். அதில் வரும் ஆர்னால்ட் என்ற கொழுகொழு கன்னப் பையனை எனக்கும் பிடித்துவிட்டது. நடித்தது யார் என்று தேடினேன். கேரி கோல்மன், 42 வயதில் இறந்துவிட்டார், நடுவில் கையில் காசில்லாமல் செக்யூரிட்டி வேலை பார்த்தார் என்றெல்லாம் வருகிறது. 'சாபம் பிடித்த தொடர்' என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள். சின்ன வயதில் பணமும் புகழும் வந்தால் தலைகால் புரியாது, ஆடித் தீர்த்திருப்பார் என்கிறார் என் கணவர். அப்படித்தானா? இதைப் படித்த பிறகு மகன் சிரிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எம்., கோவை

அன்புள்ள எம்.,

கேரி கோல்மன் ஆடித் தீர்க்கவில்லை. ஆடித் தீர்க்க அவர் உடம்பிலும் தெம்பு இல்லை.

இல்லினாய் மாநிலத்தின் சயன் என்ற சிறிய ஊரில் 1968ல் பிறந்து, தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர். பிறவியிலேயே சிறுநீரகக் கோளாறு. ஐந்து வயதில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள், நிலைக்கவில்லை. 1984ல் மறுபடி வைத்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. நோயும் அதற்கான மருந்துகளுமாகச் சேர்ந்து வளர்ச்சியை நிறுத்திவிட்டன. 4 அடி 8 அங்குலத்துக்கு மேல் அவர் வளரவே இல்லை. நீங்களும் நானும் ரசித்த அந்தக் கன்னம் அந்த நோயோடும் மருந்தோடும் சேர்ந்து வந்தது.

என் அண்ணன் மூன்று வருடம் டயாலிசிஸில் இருந்தார். நான்கு மணி நேரம் முடிந்து வெளியே வந்தால் செருப்பை மாட்டவே அவருக்கு நேரம் பிடிக்கும். அப்படி ஓர் உடம்பை வைத்துக்கொண்டு, முன்னால் ஆட்கள் உட்கார்ந்து பார்க்க, வாரம் ஒரு கதை என்று ஒரு பிள்ளை எட்டு வருடம் நடித்திருக்கிறான் என்பதை நினைத்துப் பாருங்கள். 1978ல் தொடர் ஆரம்பித்தபோது கேரிக்குப் பத்து வயது, பாத்திரத்துக்கு எட்டு. 1986ல் முடிந்தபோது கேரிக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. அப்போதும் திரையில் அவர் பள்ளிக்கூடப் பையன்தான். தோள் உயர்ந்து குரல் உடைந்தால் மற்ற குழந்தை நட்சத்திரங்களை ஒதுக்கிவிடுவார்கள். இவருக்கு அந்த விடுதலையும் கிடைக்கவில்லை.

சரி, பணத்துக்கு வருகிறேன். உச்சத்தில் ஓர் அத்தியாயத்துக்கு ஒரு லட்சம் டாலர் வரை வாங்கினார் என்கிறார்கள். அது அவர் கையில் இருக்கவில்லை. பெரியவர்கள் கையில் இருந்தது. 1989ல் தன் வளர்ப்புப் பெற்றோர் மீதும் முன்னாள் ஆலோசகர் மீதும் வழக்குப் போட்டார். 1993ல் ஏறக்குறைய 12.8 லட்சம் டாலர் அவருக்குச் சேர வேண்டும் என்று தீர்ப்பானது. அது மருத்துவத்துக்கும் வக்கீல்களுக்கும் எத்தனை நாள் காணும்? 1999ல் திவால் மனு கொடுத்தார். செக்யூரிட்டி வேலை அந்த இடைவெளியில்தான். அந்த நாட்களில் ஆட்டோகிராஃப் கேட்ட ஒரு பெண்ணோடு தகராறாகி, கை நீட்டி, வழக்கு வரை போனார். அது தவறு, நான் மழுப்பவில்லை. ஆனால் உழைத்துச் சாப்பிட சீருடை போட்டு நின்றதை எல்லாரும் ஏன் கேவலமாக எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

உங்கள் கணவரிடம் இன்னொரு பெயரையும் சொல்லுங்கள்: ஜாக்கி கூகன். சாப்ளினோடு 1921ல் நடித்த சிறுவன். சம்பாதித்தது 30, 40 லட்சம் டாலர் என்று கணக்கிடுகிறார்கள். வளர்ந்த பிறகு தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குப் போட்டார், கிடைத்தது 1,26,000. அந்தக் கொதிப்பில் 1939ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் நீதிமன்றம் பார்த்து ஒப்புதல் தந்த ஒப்பந்தங்களுக்குத்தான் அது செல்லும், ஆகவே நழுவ இடம் இருந்தது. 'பிள்ளை சம்பாதித்தது பிள்ளைக்கே, அதில் 15 சதவீதத்தை வயது வரும்வரை யாரும் தொட முடியாத கணக்கில் போடு' என்று திட்டமாகச் சட்டம் சொன்னது 2000ல்தான். அந்த ஆண்டில் கேரிக்கு 32 வயதானது.

அந்தத் திருத்தத்துக்காக அலைந்தவர் பால் பீட்டர்சன் என்ற முன்னாள் குழந்தை நடிகர். 1990ல் ரஸ்டி ஹேமர் என்ற இன்னொரு முன்னாள் சிட்காம் சிறுவர் தற்கொலை செய்துகொண்டார். அவருக்கும் வயது 42. அந்தச் சாவுக்குப் பிறகு, குழந்தை நடிகர்களுக்காகவே பீட்டர்சன் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 'சாபம்' என்று உச்சுக்கொட்டிவிட்டு நகராமல், கணக்கையும் சட்டத்தையும் கையில் எடுத்த மனிதர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

கூட நடித்தவர்களில் டானா பிளேட்டோ 1999ல் 34 வயதில் மருந்துகளை அளவுமீறி உட்கொண்டு இறந்தார். ஆர்னால்டின் அண்ணன் வில்லிஸாக நடித்த டாட் பிரிட்ஜஸ் போதையில் விழுந்து, எழுந்து, மீண்டும் நடிக்க வந்தார். அவர் மீண்டதைச் சாபக் கதை சொல்பவர்கள் சொல்வதில்லை.

கேரியும் முடங்கிக் கிடக்கவில்லை. 2003ல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்றார். 135 பேரில் எட்டாவது இடம், 14,242 வாக்குகள். அப்புறம் யூட்டா மாநிலத்துக்குக் குடிபோனார். 2010 மே மாதம் வீட்டில் விழுந்து தலையில் அடிபட்டு, மூளைப் பகுதியில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார்.

ஒரு செய்தி எனக்கு ஆறுதலாக இருந்தது. பெற்றோரின் இணையக் காணொளிகளில் அடிக்கடி வரும் குழந்தைகளுக்கும் வருமானத்தில் பங்கு ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் இல்லினாய். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கேரி பிறந்த மாநிலம்.

மகன் பார்க்கட்டும், தடுக்காதீர்கள். அடுத்த முறை நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். "நீ என்ன சொல்ற, வில்லிஸ்?" என்று கேட்பதற்கு முன்னால் ஆர்னால்ட் கண்ணை இடுக்கி, உதட்டைக் குவித்து, ஒரு கணம் நிற்பான். எழுதிக் கொடுத்த வசனம் யாருடையதாகவும் இருக்கலாம், அந்த ஒரு கணம் முழுக்க கேரியுடையது.

அன்புடன்.